யாரை நம்பி அனுப்புவது?

வளர்மதி போய்விட்டாள் என்று ஆயா வந்து சொன்னபோது நான் வார்டில் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். "உளறாதே" என்று ஆயாவின் மேல் எரிந்து விழுந்தேன். மாரடைப்பாம். காலையில் என்னோடு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த அஞ்சலியைக்கூட எழுந்து எழுந்துதான் எழுதுகிறேன்.

அவளை அறிந்த உங்களுக்குப் புதிதாக என்ன சொல்வது? நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் காலனிகளில், பள்ளிக்கூடத்தைத் தாண்டி யாருமே படிக்காத வீட்டுப் பெண்களை நர்ஸிங்கில் சேர்த்துவிடுவது அவளுக்கு இரண்டாவது டூட்டி. சேர்ப்பதற்கு முன்னால் பெண்ணின் அம்மாவை வரவழைத்து, ஒரு பகல் முழுக்க எங்கள் வார்டில் உட்காரவைப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இன்னாடி இது, பொண்ணு பாக்குற சடங்கா?" என்று கேட்டேன்.

"பொண்ணு இன்னா வேலைக்குப் போறான்னு பெத்தவ கண்ணால பாக்கணும் கோமதி. பாக்காதவங்கதான் பாதியில கூப்புட்டுக்குவாங்க" என்றாள்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் முதலுதவி மேசை போட்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு படிக்கும் தீபா, ஒரு பெரியவரின் பாதத்தில் வெடித்த கொப்புளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊரும்மா நீ? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டபடி அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி எதற்கென்று நம் எல்லோருக்கும் தெரியும். தீபாவின் கை நின்றுவிட்டது. நான் சண்டைக்குக் கிளம்பினேன். வளர்மதி என்னைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நர்ஸ் பொண்ணுங்க. காலைக் குடுங்க, இன்னும் பாதி மலை சுத்தணும் நீங்க" என்றாள். அவர் காலை நீட்டினார். பிறகு தீபாவிடம், "அவரு கேட்டது உன்னை நிறுத்தறதுக்கு. நீ நிறுத்தாத" என்றாள்.

வளர்மதி போனதும் தீபா கல்லூரிக்குப் போகவில்லை. காரியத்துக்கு வந்த அவள் அப்பாவைப் பந்தலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா இருந்தாங்க, அனுப்புனோம். இனிமே யாரை நம்பி அனுப்புறது? மாமன் பையன் இருக்கான், முடிச்சிடலாம்னு பாக்குறோம்."

"என்னை நம்பி அனுப்புங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை வார்டுல பாத்திருக்கா எங்க வீட்டுல. ரொம்பக் கோவக்காரங்கன்னு சொன்னா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கோவம் ஜாஸ்தி, ஆனா யாரையும் விட்டுக்குடுக்க மாட்டாங்கன்னும் சொன்னா. திங்கக்கிழமை அனுப்புறேன். பாத்துக்குங்க."

தீபா இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். சாயங்காலமானால் போன் செய்வாள். சற்றுத் தாமதமானாலும், யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ, அப்பா மனம் மாறிவிட்டாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். ஒரு பெண்ணுக்கே எனக்கு இந்தப் பாடு. இத்தனை பெண்களுக்கும் இதைச் சுமந்துகொண்டு, வளர்மதி தினமும் சிரித்த முகமாக டூட்டிக்கு வந்தாள். அவளுடைய பொறுமையோ பேச்சோ எனக்கு வரவில்லை. அவளிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருப்பது இந்தப் பயம்தான். அதை விடுவதாக இல்லை.