பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் கொசு

பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தை அவள் பிறகுதான் பார்ப்பாள். முதலில் கண்ணில் படுவது முழங்கையின் உட்புறம். பட்டையாக ஓடும் நரம்பு, தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும் நரம்பு, ஆள் வாட்டசாட்டமாக இருந்தும் தேடினால் கிடைக்காத நரம்பு.

"அந்தச் சிவப்புச் சட்டையப் பாருங்க. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று கணவனின் காதில் கிசுகிசுப்பாள்.

"மெல்லப் பேசு. உயிரத்தான் எடுக்கப் போறேன்னு நினைச்சுக்குவாங்க" என்று அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவள். கடித்துவிட்டுப் போன பிறகுதானே கொசு வந்தது தெரியும்? அதனால் குழந்தைகள் வார்டில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். கணவனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். ஊசியைக் கையில் எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்பது அவள் பழக்கம். "உங்க வீட்டுல யாருக்கு ரொம்பக் கோவம் வரும்?" யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லியிருப்பாள். 'எங்க மாமியார்' என்று ஆரம்பித்தவர்கள் மட்டும், எல்லாம் முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

கணவனின் வேலைக்காக இருவரும் இந்த நாட்டுக்கு வந்தார்கள். வந்த கையோடு அவள் இங்குள்ள தேர்வை எழுதித் தேறிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதை நடத்தும் அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், இவளிடம் பேசிப் பார்த்துவிட்டு, இடம் வைத்திருக்கிறேன், வேலை செய்ய அரசாங்கத்தின் பெர்மிட் வந்ததும் வா என்று சொன்னார். அப்போது எதிர்வீட்டு மரத்தில் ஓர் இலை கிடையாது. இப்போது மரம் முழுக்கத் தழைத்து, குருவி கூடு கட்டிக் குடும்பம் நடத்துகிறது. பெர்மிட் மட்டும் வரவில்லை.

காலையில் பல் துலக்கியதும் கைபேசியில் பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது.

"எனக்கு மாப்பிள்ள பாக்க எங்கப்பாகூட இவ்வளவு யோசிக்கலங்க."

"அதனாலதான் நான் தேறிட்டேன்" என்பான் அவன், காலணியை மாட்டிக்கொண்டே.

அவன் போன பிறகு வீடு பெரிதாகிவிடும். பாத்திரம் துலக்கி, துணி மடித்து, மடித்த துணியை இன்னொரு விதமாக மடித்து வைப்பாள். அம்மா தொலைபேசியில், "சும்மாதான இருக்க?" என்று அன்பாகத்தான் கேட்பாள். "சும்மா இருக்கறது எவ்வளவு வேலைன்னு உனக்குத் தெரியாதும்மா" என்று சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவாள். அவளுடைய பயமெல்லாம் கை மறந்துவிடுமோ என்பதுதான். சாயங்காலம் கணவன் தொலைக்காட்சி பார்க்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, அவன் கையில் நரம்பைத் தடவித் தேடுவாள். அவனும் வாடகைக்கு விட்டதுபோல் கையை நீட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு இருப்பான்.

மேல்வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறாள். நாள் முழுதும் ஊசியோடு பிழைப்பு. ஆனால் அந்த ஊசி தன் பக்கம் திரும்பினால் வெலவெலத்துப் போவாள். போன வாரம் டாக்டர் அவளை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். நேராக இறங்கி வந்துவிட்டாள்.

"நீயே எடுத்துக் குடுத்துடு கொசு. கொண்டுபோய்க் குடுக்கறது என் பொறுப்பு. யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்சா என்னை மட்டுமில்லக்கா, அவரையும் சேத்துப் பெட்டி கட்டச் சொல்லிடுவாங்க."

"காசா வாங்கப் போற? ஒரு உதவிதான?"

"ஓசியில செஞ்சாலும் வேலை வேலைதானாம்."

"நல்ல சட்டம்! துணைக்காவது வருவியா, அதுக்கும் பெர்மிட் வேணுமா?"

துணைக்குப் போனாள். கிளம்பும் முன் அக்காவை நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, கையை வெந்நீரில் நனைத்த துண்டால் சுற்றிவிட்டாள். கூடத்தில் நல்ல கூட்டம். கண்ணாடிக் கயிற்று அம்மாள் இவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். இவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். வேலை தலைக்கு மேல் போய்விட்டது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்கு மேல் வேறு ஆளைப் போடாமல் முடியாது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இவள் சரி என்றாள்.

உள்ளே ரத்தம் எடுத்தது, தற்காலிகமாக வந்திருந்த சின்னப் பெண். அக்காவுக்குச் சதைப்பற்றான கை. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் நரம்பு நழுவியது. அக்கா கூரையைப் பார்த்துக் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். வெளியே யாரோ பொறுமையிழந்து இருமினார்கள். அந்தப் பெண்ணுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. இடம் பிடித்து வைத்திருப்பது யாருக்காக என்று அவளும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். எழுந்து கதவைச் சாத்தினாள். பிரிக்காத புது ஊசியை இவள் முன் நீட்டி, நீங்கள் எடுங்கள், நான் எடுத்ததாகவே இருக்கட்டும் என்றாள்.

"எடுத்துடு கொசு! கதவு சாத்தியிருக்கு, நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்!" என்றாள் அக்கா.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் ஊசியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களே எடுங்க. நிதானமா எடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் அக்காவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுந்த உட்கார்ந்தாள்.