அறுபத்தொன்றாம் எண் தபால்பெட்டி

சிமுலிக் குன்றில் யாருக்குக் கடிதம் போட்டாலும் முகவரி ஒன்றுதான். பெயரை எழுதி, கீழே தபால்பெட்டி எண் 61 என்று போட்டால் போதும். பெட்டி மிஷன் பள்ளிக்கூடத்துடையது. எந்தக் காலத்திலோ ஒரு தலைமையாசிரியர் டவுன் தபால் நிலையத்தில் வாடகைக்கு எடுத்தது. சாவி பள்ளி அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமை காலை வாத்தியார் பெயர்களை வாசிப்பார், பிள்ளைகள் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். குன்றில் வீட்டுக்கு எண் கிடையாது, பாதைக்குப் பெயர் கிடையாது, தபால்காரர் என்ற ஜீவனை யாரும் பார்த்ததே இல்லை. பிறந்தவன், செத்தவன், ஊரை விட்டு ஓடிப்போனவன் எல்லோரும் 61தான். கென்யாவில் இது ஊரறிந்த சங்கதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நகுமிச்சாவும் நினைத்திருந்தாள்.

அவள் அந்தக் குன்றுக்கு வாழ வந்தபோது கணவனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. ஆலை மூடியது. வேலை தேடி மொம்பாசா போனவன் போனவன்தான். மூன்று பிள்ளைகளையும் கால் ஏக்கர் நிலத்தையும் வைத்துக்கொண்டு அவள் சுக்குமா கீரை போட்டாள். அதை அன்னக்கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். சமையல்கட்டு மேற்பார்வையாளர் ஒரு நாள் எடுத்தார், மறுநாளும் எடுத்தார், பிறகு பட்டியலில் சேர்த்துவிட்டார். பதினொரு வருடத்தில், பட்டியலில் பெயர் இருந்த நாளெல்லாம், திங்கள், புதன், வெள்ளி தவறாமல் அவள் சைக்கிள் கேரியரில் மூன்று மூட்டைக் கீரை அந்த வாசலில் இறங்கியது. வீட்டுக்குத் தகரக் கூரை வந்ததும், மூத்தவன் மசிக்கா தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போனதும் அதில்தான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கீரைக்கட்டில் புல் வைத்துக் கட்டினாள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டு முறை அவளுக்குப் பட்டியலில் இடமே கிடைக்காமல் போனதுண்டு. மாவட்ட சபையில் செல்வாக்குள்ள ஒருவரின் மனைவி ஒன்பது கம்பெனிப் பெயரில் போர்வை, அரிசி, கீரை எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதி எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள். அந்தக் கீரையை நோயாளி யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான், மாவட்ட சபையார் விளையாட்டு மைதானத்தில் பந்தல் போட்டு, இனிமேல் சப்ளையர்களைச் செயற்கை நுண்ணறிவு பரிசோதிக்கும், எல்லாருடைய காகிதத்தையும் அதுவே ஒப்பிட்டுத் திருடனைக் காட்டிக்கொடுக்கும் என்று அறிவித்தபோது நகுமிச்சா உள்ளங்கை எரியக் கைதட்டினாள். “இது டீக்காசு கேக்காது, இதுக்கு மச்சான் மாமன் கிடையாது” என்றார் மேடையில் நின்றவர். அதைக் குன்று முழுக்கச் சொல்லித் திரிந்தது அவள்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளர் சிமியு அவளைக் கேட்டுக்குள் விடவில்லை.

“மசிக்கா அம்மா, சைக்கிளைத் திருப்புங்க. உங்க பேரு சிவப்புல நிக்குது.”

“நேத்துதான் பாவமன்னிப்பு வாங்கிட்டு வந்தேன். அதுக்குள்ள சிவப்பாயிட்டேனா?”

“விளையாடாதீங்கம்மா. உங்ககிட்ட ஒரு கட்டு வாங்கினா என் பேரும் சிவப்பாயிடும். கொள்முதல் ஆபீசுல போய்க் கேளுங்க.”

கொள்முதல் அதிகாரி மகோக்கா நல்ல மனிதர்தான். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஒரே முகவரியில இருபத்துமூணு சப்ளையரும்மா. நீங்க கீரை, இவங்க விறகு, அவர் பால், இன்னொருத்தர் துடைப்பம். ஒரே கும்பல் இருபத்துமூணு பேருல வேஷம் போடுதுன்னு இது சொல்லுது. நூத்துக்கு எழுபத்தொண்ணு சந்தேகமாம்.”

“நாங்க கும்பல் இல்ல சார். ஊரு.”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே.”

“நீங்க அதுக்குச் சொல்லுங்க. இல்லேன்னா நீங்களே ஒரு கையெழுத்தைப் போட்டு விடுங்க.”

“எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் அப்படித்தான் அது பேச்சை மீறிக் கையெழுத்துப் போட்டாரு. இப்ப வீட்டுல ஆடு மேய்க்கிறாரு.” மகோக்கா குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஆளுக்கொரு தனிப் பெட்டி எடுத்துப் பதிவை மாத்திடுங்க. அதோட முடிஞ்சுபோகும்.”

அவர் சொன்ன புத்தி தப்பில்லை. சிமுலிக்காரர்கள் அதைச் செய்த விதம்தான் விதி. பள்ளி மைதானத்தில் இருபத்துமூன்று பேரும் கூடினார்கள். ஆஸ்பத்திரிக்கு விறகு போடும் நெலிமா, நகுமிச்சாவுக்கு அடுத்த வேலிக்காரி, “ஆளாளுக்கு அலைவானேன், ஒரு வேனைப் பேசிட்டா ஒரே நாள்ல முடிச்சிடலாம்” என்றாள். எல்லோருக்கும் அதுவே சரியென்று பட்டது. கல்யாணமோ சாவோ கோர்ட்டுக் கேஸோ, அந்தக் குன்றிலிருந்து யாரும் எங்கேயும் தனியாகப் போனதில்லை. வியாழக்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். தபால் நிலையத்தில் புதிதாக ஓர் அடுக்குப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். 402 முதல் 424 வரை வரிசையாகக் கிடைத்தது. எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டரின் முன் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, கடைக்காரரை வைத்தே பதிவை மாற்றினார்கள். பிறகு சப்பாத்தியும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு, போன காரியம் ஜெயம் என்று வீடு திரும்பினார்கள். அந்த வருடத்தில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் மகோக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்று இப்போது தொண்ணூற்றாறு.

“ஒரே நாளு, ஒரே கம்ப்யூட்டரு, வரிசையா நம்பரு! மாட்டிக்கிட்ட கும்பல் தடயத்தை அழிக்குதுன்னு சொல்லுது. ஏம்மா, தனித்தனியாப் போயிருக்கக் கூடாதா?”

“எதுக்கு சார் தனியாப் போகணும்? வேன் இருந்துச்சே.”

அந்தச் செயற்கை நுண்ணறிவுக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது அத்தனையும் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஒரே பெட்டி, ஒரே வேன், ஒரே நாள் எல்லாம் நடந்ததுதான். மனிதர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்ற ஒன்றைத்தான் அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் எல்லாம் மதில் வைத்த வீட்டில், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் குடியிருப்பவர்கள். அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரிக்குத் தலைநகரத்துக் கம்பெனி ஒன்று லாரியில் முட்டைக்கோஸ் அனுப்பத் தொடங்கியது. அதற்குத் தனி முகவரி, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், சந்தேகம் நூற்றுக்கு நான்கு. நகுமிச்சாவின் கீரை நிலத்திலேயே பழுத்தது. சந்தையில் எல்லோரும் கீரைதான் விற்கிறார்கள். இவளுடையதை யார் சீந்துவார்கள்? கேரியரிலிருந்து கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டாள். மசிக்கா பயிற்சிப் பள்ளியிலிருந்து பாதியில் வந்து செங்கல் சூளையில் சேர்ந்தான்.

மாதக் கடைசியில் பட்டியல் மூடிவிடும். மூடினால் இரண்டு வருடத்துக்குத் திறக்காது. அதற்குள் ஒரே ஒரு வழி மிச்சம் இருக்கிறது என்றார் மகோக்கா. இருபத்துமூன்று பேரும் கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்து, ‘கீழே கண்ட இருபத்திரண்டு பேரோடு எனக்கு உறவோ பழக்கமோ கொடுக்கல் வாங்கலோ இல்லை’ என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அத்தனை பேரும் சிவப்பிலேயே நிற்பார்கள்.

இருபத்திரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள். நகுமிச்சா மட்டும் போகவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் நெலிமா வேலியைத் தாண்டி வந்தாள். நகுமிச்சா பழுத்த இலைகளைக் கிள்ளி ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊரே வாயில போட்டு மெல்லுது உன்னை. நீ ஒருத்திதான் பாக்கி.”

“நீ போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“நகுமிச்சாவைத் தெரியாதுன்னு?”

“பேரு வரிசையில எல்லாரு பேரும் இருந்துச்சு. நான் படிச்சுப் பார்க்கல. கண்ணை மூடிட்டுப் போட்டேன். நீயும் போட்டுட்டு வந்து ஒரு வாய் டீ குடி. வெறும் காகிதம்தானே?”

“பைபிள் காகிதமாடி?”

நெலிமா கீழே உட்கார்ந்தாள். “அஞ்சு வாரமா என் விறகு மழையில நனையுது, மசிக்கா அம்மா. மகளுக்கு வலிப்பு மருந்து முடிஞ்சு போச்சு. நேத்து சூளையோரமா விழுந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டா. உன் மனசாட்சியைக் கொஞ்சம் தள்ளி வையேன். உன் கால்ல விழணுமா?”

அந்த மகளும் மசிக்காவும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். நகுமிச்சா டைஃபாய்டில் கிடந்த இரண்டு மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தவள் நெலிமா. அது அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தால்கூட நகுமிச்சா தாங்கியிருப்பாள். சொல்லாமல் விட்டதுதான் அவளை எழுப்பி டவுனுக்கு அனுப்பியது. மறுநாள் கோர்ட்டு குமாஸ்தா பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, “தெரியுமா?” என்று கேட்டார். பன்னிரண்டாவது பெயர் நெலிமா. அதற்கும் நகுமிச்சா, “தெரியாது” என்றாள். குரல் பிசிறவில்லை. அதற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

முடிவு வரும்வரை ஒன்றாகத் திரியாதீர்கள், ஒருவருக்கொருவர் போன் போடாதீர்கள், போனில் பணம் அனுப்பாதீர்கள் என்று மகோக்கா எச்சரித்திருந்தார். அப்படியே செய்தார்கள். கிணற்றடியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். பால்காரர் வீட்டில் சாவு விழுந்தபோது, வழக்கமாகப் போனில் சேரும் மொய் சேரவில்லை. சவப்பெட்டியோடு அதைத் தூக்கிய நான்கு பேர்தான் போனார்கள். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் பழகிவிட்டது.

மகோக்கா நகுமிச்சாவுக்கும் நெலிமாவுக்கும் மட்டும் ஆள் அனுப்பினார். ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்லியிருந்தார். நகுமிச்சா முதலில் உள்ளே போனாள்.

“இருபத்தொரு பேரு பச்சைக்கு வந்துட்டாங்கம்மா.”

“நான்?”

“நீங்களும் அந்த விறகுக்காரம்மாவும் நிரந்தரமா வெளியே. பொய்ச் சத்தியம்னு போட்டிருக்கு.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரையும் இது படிக்குதும்மா. எங்களுக்கே தெரியாது. ஆறு வருஷம் முன்னாடி அவங்களுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேஷன் நடந்திருக்கு. சீட்டுல மிக நெருங்கிய உறவுங்கிற இடத்துல உங்க பேரு, உங்க போன் நம்பரு. உறவுன்னு கேட்ட இடத்துல அக்கான்னு எழுதியிருக்காங்க.”

நகுமிச்சா திரையைப் பார்த்தாள். எழுத்து தெளிவாக இருந்தது.

“அவ எழுதினது பொய்யில்ல சார்.”

“அதைத்தாம்மா அதுவும் சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினதுதான் பொய்னு.”

மேல்முறையீடு உண்டா என்று அவள் கேட்டாள். உண்டு, சப்ளையர் பட்டியலில் இப்போது பெயர் இருப்பவர்கள் மட்டும் செய்யலாம் என்றார் மகோக்கா. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று எழுந்தாள்.

நெலிமா காம்பவுண்டுச் சுவரின் அந்தக் கோடியில் நின்றிருந்தாள். இத்தனை நாள் பழக்கத்தில், கிட்டே வராமல் பார்வையாலேயே என்ன என்று கேட்டாள். நகுமிச்சா நேராக நடந்துபோய் அவள் முன்னால் நின்றாள். விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். இருபத்தொரு பேருக்கு இடம் கிடைத்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குள் கோபம் பொங்கியது. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம், எதிரே நின்றவள் மேல் பாய்ந்தது.

“என் பேரை எதுக்குடி எழுதின? உன்னை யாரு எழுதச் சொன்னா?”

நெலிமா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

“ஆப்பரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. செத்துட்டா யாருக்குச் சொல்லணும்னு நர்ஸ் கேட்டாங்க. வேற யாரை எழுதுறது?”

கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நிமிடமே நகுமிச்சாவுக்குத் தெரிந்தது. கேட்டாயிற்று. மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை.

சிமுலி வேன் வந்தது. நெலிமா முன் வரிசையில் ஏறி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டான். நகுமிச்சா ஏறவில்லை. அடுத்த வேனில் வருகிறேன் என்று கையை ஆட்டிவிட்டுச் சாலையைப் பார்த்து நின்றாள்.