பெரிய மரம் அஞ்சாவது மாடி

லிஃப்ட்காரருக்கு எதையும் மாடிக் கணக்கில்தான் சொல்ல வரும். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால், எட்டாவது மாடி என்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆபீஸ் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற மனுஷன், பின்னே எப்படிப் பேசுவார்?

அவர் மனைவி தையல் கடை வைத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் ஆபரேஷன். எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆகியும் அவள் வாசலைத் தாண்டவில்லை. தையல் மெஷினை விற்கவே ஆள் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துவந்து, வாசலிலேயே சொன்னார்: "பெரிய மரம் வரைக்கும் நடந்துட்டேன்னா மெஷின் நம்ம வீட்லயே இருக்கும். முடியலையா, வித்துடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அவ்ளோ தூரம் என்னால ஆகுமா?"

"என்ன பெரிய தூரம்? வழியில அஞ்சு பெஞ்சு. ஒரு பெஞ்சு ஒரு மாடி. அஞ்சாவது மாடில மரம். போன வாரமே வந்து பாத்துட்டேன்."

பார்த்தது உண்மைதான். பூங்காவின் பேட்டரி வண்டியில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

பனை வரிசையின் ஓரத்தில் முதல் பெஞ்சு. "முதல் மாடி! இறங்கறவங்களுக்கு வழி விடுங்க!" என்று புறாக்களை விரட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி வீட்டருகே இரண்டாவது. குளக்கரையில் மூன்றாவது. அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கெண்டைக்காலும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. தினம் வானத்துக்கும் பூமிக்கும் போய்வந்தவர்தான், நடந்துதான் பழக்கமில்லை.

"லிஃப்ட்காரன் என்னைக்கு வெளிய இறங்கியிருக்கான்? நீ போ," என்றார், கெத்து குறையாமல்.

அவள் போனாள். நான்காவது பெஞ்சு இருந்த இடத்தில் சிமென்ட் கட்டைகள்தான் இருந்தன. பெயின்ட் அடிக்கப் பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உட்கார வழியில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று இத்தனை மாதமாக வீட்டு வாசலில் நின்று அவள் பார்த்த அதே பார்வை.

பூங்காவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "அது குடோன் மாடி! லிஃப்ட் நிக்காது! நேரா மேல!"

"மானத்தை வாங்கறாரே!" என்று பல்லைக் கடித்தாள். அந்தக் கோபத்திலேயே விறுவிறுவென்று நடந்தாள். மரத்தடிக்குப் போய்த்தான் நின்றாள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. கைப்பையில் கிடந்த தையல் டேப்பை எடுத்து அடிமரத்தில் வைத்தாள். கால்வாசிகூடச் சுற்றவில்லை.

குளக்கரையில் அவர் போன் அடித்தது.

"மெஷின் கேட்டவர்கிட்ட வர வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டார். "சரி, இறங்கி வா. வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"நான் எதுக்கு வரணும்? டேப்போட அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் வேணும். நீங்க வெளிய இறங்குங்க."

லிஃப்ட்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.