அண்ணன் அப்பாவிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து மன்றாடிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனை மனநல மருத்துவராக உங்களில் பலர் அறிவீர்கள். அவர் ஏன் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் எங்கள் வீட்டுக்கு வெளியே நாங்கள் பேசியதில்லை. அப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆவூருக்குப் பக்கத்துச் சிற்றூரில், கடலை விவசாயம் செய்த குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அண்ணனைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிச் செல்வார். அண்ணன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பாவுக்குத் தூக்கம் கெட்டது. யாரோ தன்னைப் பெயர் சொல்லி ஏசுவதாகச் சொன்னார். ஜெபக் கூட்டங்களுக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் மாட்டுக் கொட்டகைத் தூணில் அப்பா அவரைச் சங்கிலியால் கட்டினார்.

சோறு கொண்டு போவது அண்ணனின் வேலை. வருகிறவர்கள் சித்தப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே, "இன்னைக்கு எப்படி இருக்கான்?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு சித்தப்பா இறந்துபோனார். அப்போதும் சங்கிலி காலில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருத்துவம் முடித்து மனநலத்தை மேற்படிப்பாக எடுத்தபோது, "வேற படிப்பே கெடைக்கலையா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் பொருட்படுத்தவில்லை. புதுக்கோட்டையில் அவர் நடத்திய கிளினிக்கில் முதல் பேச்சு நோயாளியோடுதான். கூட வந்தவர் குறுக்கே பேசினால், "இருங்க, அவர் சொல்லட்டும்" என்பார். தூரத்து ஊர்க்காரர்களைப் பஸ் பிடிக்க வசதியாக முன்கூட்டியே பார்த்து அனுப்புவார். சித்தப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை எல்லாம் அந்த அறைக்குள் வந்தவர்களுக்குக் கிடைத்தது. கட்டிப்போட்ட குடும்பங்களை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஓர் அம்மா மகனை அழைத்து வந்தார். வளைகுடாவில் டிரைவராக இருந்து, மனம் குழம்பித் திரும்பியவர் அந்த மகன். அவர் கணுக்காலில் சங்கிலிப் புண்ணைப் பார்த்ததும் அண்ணன் கத்திவிட்டார்.

"பெத்த புள்ளைய மாடு மாதிரி கட்டி வச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?"

அந்த அம்மா மகனின் கையைப் பிடித்து எழுப்பினார். மாத்திரைகளை வாங்கிக்கொண்டு போனவர் திரும்ப வரவே இல்லை. மாதங்கள் போகப் போக அண்ணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். மகன் வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கை விளங்காமல் தொங்கியது.

"வாங்க டாக்டர், உக்காருங்க" என்றார் அந்த அம்மா.

அண்ணன் உட்காரவில்லை. "ஏம்மா அப்புறம் வரல?"

"நீங்க அம்புட்டு ஏசுனதுக்கு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? மாத்திரையும் தீந்துபோச்சு. நீங்க சொன்னீங்களேன்னு அவுத்துத்தான் விட்டேன். மெயின் ரோட்டுக்கு ஓடி வேன்ல அடிபட்டுட்டான். அவன் அப்படி ஓடுவான்னுதான் கட்டி வச்சிருந்தேன். வீட்டுல ஒத்தப் பொம்பள, அவன் பக்கத்துலயே நானும் படுத்துக் கெடந்தேன். ஏன் கட்டுனேன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கலையே டாக்டர்."

"தப்பு எம்மேலதாம்மா" என்றார் அண்ணன். மறுநாளே மகனோடு வரும்படி கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது புதுக்கோட்டை வீட்டில் நிறுத்தவில்லை. நேராக ஊருக்கு ஓட்டினார். அப்பா சாப்பிட்டுக் கொண்டிருந்தார். அவர் கை கழுவும் வரை காத்திருந்து அண்ணன் கேட்டார்: "சித்தப்பாவ ஏன்ப்பா கட்டுனீங்க?"

"ரெண்டு தரம் கெணத்துல குதிச்சுட்டான்டா. நாந்தான் எறங்கித் தூக்குனேன். சின்னப் புள்ளைங்க, பயந்துருவீங்கன்னு ஒங்ககிட்ட சொல்லல. இதுக்கு ஒரு டாக்டர் இருக்காருன்னு அப்ப எனக்கு யாரு சொன்னா?" அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ டாக்டரானதுக்கு அப்புறமாவது கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

காரில் வரும்போது அண்ணன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஊர்ல எல்லார் வீட்டுக் கதையவும் கேட்டேன். நம்ம அப்பாகிட்ட கேக்கலையே."

அந்த அம்மா மகனை அழைத்து வந்தார். இன்று அந்த மகன் சங்கிலி இல்லாமல் வீட்டில் இருக்கிறார், ஆடு மேய்க்கிறார். கை மட்டும் சரியாகவில்லை. அவரைப் பார்த்த நாட்களில் அண்ணன் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட மாட்டார். அதன் பிறகு நோயாளியோடு பேசி முடித்ததும் கூட வந்தவரைத் தனியே உட்கார வைத்து, "நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்கத் தொடங்கினார். பலர் அழுதுவிடுவார்களாம்.

அடுத்த ஆண்டே அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டது. படுக்கையில் இருந்த மாதங்களில் அப்பா பக்கத்திலேயே இருந்தார். இருவரும் சித்தப்பாவைப் பற்றித்தான் பேசினார்கள். சித்தப்பா நன்றாகப் பாடுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை ஆண்டு பேசாத பேச்சை அந்தச் சில மாதங்களுக்குள் அவர்களால் பேசி முடிக்க முடியவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், அடக்கத்தன்று வெயிலில் நின்ற நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவைப் பார்க்க வரும்போது, மகன் போன துக்கத்தை விசாரித்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அவர் தம்பியைப் பற்றியும் கேளுங்கள். அப்பா சொல்வார்.