ஜட்ஜம்மாவின் களப்பணி

அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது தங்கையின் புருஷன். கேலியாகத்தான் வைத்தான். அவள் அதைப் பெருமையாகவே வாங்கிக்கொண்டாள். குடும்பத்தில் யார் எந்த வீட்டுக்குக் குடிபோவது, எந்தப் பிள்ளை என்ன படிப்பது, யார் யாரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வது எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். வேலை ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில். எக்ஸ்ரே எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவர்கள், எக்ஸ்ரே அறைக்கு வழியோடு, வீட்டில் மருமகளை வழிக்குக் கொண்டுவரும் விதத்தையும் தெரிந்துகொண்டு போனார்கள். அவர்கள் அதைக் கேட்டார்களா என்றால், கேட்கிற வரைக்கும் ஜட்ஜம்மா எங்கே காத்திருந்தாள்?

அந்த ஆஸ்பத்திரியில் திடீரென்று ஆலோசகர் என்றொரு நாற்காலி போட்டார்கள். அது தனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். நேற்றுப் படிப்பு முடித்த ஒரு சின்னப் பெண் வந்து ஜம்மென்று உட்கார்ந்தாள். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வேண்டுமாம். இத்தனை வருஷம் தான் சும்மா செய்ததற்கு இப்போது பட்டம் வேறா என்று ஜட்ஜம்மா பொருமித் தீர்த்தாள். அதோடு விட்டாளா? வேலையை உதறிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலேஜில் போய்ச் சேர்ந்தாள். மகளும் அப்போது இன்னொரு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். யார் முதலில் ஃபெயிலாகிறோம் பார்க்கலாம் என்று அம்மாவைச் சீண்டினாள்.

முதலில் ஃபெயிலானது அம்மாதான்.

பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. காலை வாரிவிட்டது களப்பணி. எலும்பு முறிவு வார்டில் ஒரு பெயிண்டரோடு பேசச் சொல்லி அனுப்பினார்கள். சாரத்திலிருந்து விழுந்து தொடை ஒடிந்த மனிதர். ஆபரேஷன் முடிந்தும் எழுந்து நடக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜட்ஜம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் விவகாரம் முடிந்தது. நடக்காவிட்டால் கால் சூம்பிப்போகும் என்று அவரை வெளுத்து வாங்கினாள். எதிரில் நின்று மூக்கைச் சிந்தக்கூடாது என்று அவர் மனைவிக்கு உத்தரவு போட்டாள். இனிமேல் ஏணி ஏற முடியாது, மச்சானுடைய பெயிண்ட் கடையில் கல்லாவில் உட்காரலாம் என்று முடிவுகட்டி, மச்சானுக்கு அவளே போனும் போட்டாள். மறுநாள் பெயிண்டர் நடந்தார். வார்டே மூக்கில் விரலை வைத்தது. நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிக் கொடுத்தாள்.

களப்பணி ஆசிரியை அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள், குரல் உயராத பெண். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரே சொல்லை எழுதியிருந்தாள்: அறிவுரை, அறிவுரை, அறிவுரை.

"அவர் நடக்கறாரே மேடம்," என்றாள் ஜட்ஜம்மா.

"நடக்கறார். ஆனா மச்சான் கடையில உக்கார அவருக்கு இஷ்டமான்னு நீங்க கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்றே அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த பருவத்திலும் களப்பணியில் தேறாவிட்டால் படிப்பே அவ்வளவுதான் என்றார்கள். விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது. சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சரி, பழகிவிடலாம் என்று வீட்டிலேயே ஆரம்பித்தாள். தீர்ப்புச் சொல்லக்கூடாது. எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்லி, மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாற்றலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கண்ணாடி விஷயத்தில் அவர் குழப்பமாக இருப்பது தெரிகிறது என்றாள். மனுஷன் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். உனக்குக் கோபம் வந்திருக்கிறது போல என்று மகளிடம் சொன்னதற்கு, நீ இப்படிப் பேசுவதால்தான் வருகிறது என்று பதில் வந்தது. யோசனை கேட்டுப் போன் செய்த உறவுக்காரர்கள், படிப்புத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். பாவம், நாக்கு அரிக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள். களப்பணி ஏட்டில் சிவப்பு மை குறைந்துகொண்டே வந்தது.

மதிப்பீட்டுக்கு முந்தின வாரம் தங்கை வந்தாள். அவள் வந்தாலே புருஷன் கதைதான். குடிக்கிறவன் இல்லை, கைநீட்டுகிறவன் இல்லை. ஆனால் இவள் வாயைத் திறந்தால் போதும், நாலு பேர் எதிரில் அதைக் கேலியாக்கிவிடுவான். முதல் வாக்கியத்திலேயே அனுசரித்துப் போ என்று ஜட்ஜம்மா முடித்துவைப்பது வழக்கம். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பரீட்சை வருகிறது, பழக ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நறுக்கிக்கொண்டிருந்த காயைத் தள்ளிவைத்து, எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டாமல், சொல்லு என்றாள். தங்கை ஆரம்பித்து, வழக்கமான இடத்தில் நிறுத்தி, தீர்ப்புக்காக நிமிர்ந்து பார்த்தாள். தீர்ப்பு வரவில்லை. மறுபடி பேசினாள். ஜட்ஜம்மா 'ம்' கொட்டினாள், தலையை அளவாக அசைத்தாள். இதை ஆசிரியை பார்க்க வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

"இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்ல முடியாம இருந்திருக்கு உனக்கு," என்றாள், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே.

"உன்கிட்டதான் சொல்ல முடியல," என்றாள் தங்கை. குரலில் சண்டை இல்லை. "அவங்க வீட்லேருந்து பொண்ணு கேட்டு வந்தப்போ உன்னைத் தனியா உள்ள கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? எனக்கு வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, நல்ல பையன், நான் சரின்னு சொல்லிட்டேன்னுட்டே. அன்னைக்கு இந்த மாதிரி கொஞ்ச நேரம் நீ உக்காந்திருந்தா, சொல்லியிருப்பேன்க்கா."

ஜட்ஜம்மா முகத்தில் ஈயாடவில்லை. அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தாள். எப்போது சொல்லியிருப்பாள்? தண்ணீர் குடிக்காமலே நாக்கு அடங்கிப் போயிற்று. தங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த வீட்டை விட்டுக் கிளம்பப் போகிறேன், உன்னிடம் யோசனை கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்தேன் என்றாள். இரண்டு நாளில் பெட்டியோடு வந்து அக்கா மகளின் அறையில் தங்கினாள்.

மதிப்பீட்டில் ஜட்ஜம்மாவுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். குறுக்கே பேசாமல் கேட்பது இப்போது இயல்பாக வருகிறது, எங்கே பழகினீர்கள் என்று ஆசிரியை கேட்டாள். வீட்டில்தான் மேடம் என்றாள். வீட்டில் நல்ல ஒத்துழைப்பு என்று ஆசிரியை எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை தங்கையின் புருஷன் போன் செய்தான். கேலியெல்லாம் வற்றிப்போன குரல்.

"ஜட்ஜம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. வரச் சொல்லுங்க."

"கேப்பா," என்றாள் ஜட்ஜம்மா. "ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டுட்டா. அது போதும்." தங்கையைக் கூப்பிட்டு, பேச விருப்பமா என்று கேட்டு, அவள் கை நீட்டும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.