லெஸ்லியின் பெயரில் விழுந்த வாக்குகள்

மேளம் இறங்குவதற்கு ஒரு நொடி முன்பே டொலறஸ் அக்காவின் இடது தோள் இறங்கிவிடுகிறது. வலது கையில் இஸ்திரிப்பெட்டி; அதன் கீழே ஞாயிறு பூசைக்கான வெள்ளைப் பீடத்துணி; காதுக்குள் ஒரு ஜப்பானியக் குழுவின் ஹெவி ராக். கிற்றார் தனியாக அலறும் இடத்தில் அவருடைய மூக்கும் சேர்ந்து அலறும். அந்த நேரத்தில் பங்குக் கோயில் மண்டபத்துக்குள் யாராவது வந்தால், "இருங்கோ, இவர் முடிக்கட்டும்," என்று விரலைத் தூக்குவார். இவர் என்பது கிற்றார்க்காரர்.

மன்னார் பேசாலையில் பிறந்தவர். அறுபதை நெருங்குகிறார். லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பாட்டுகளின் தலைப்புகளை வாசிக்க முடியாததால் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்திருக்கிறார். தகரப் பாட்டு, காய்ச்சல் பாட்டு, ஓட்டப் பாட்டு. குழுவிலுள்ளவர்களைப் பற்றியும் அபிப்பிராயங்கள் உண்டு. "மேளம் அடிக்கிறவன் கெட்டிக்காரன். பாடுறவர்தான் பாவம். இப்பிடிக் கத்தினால் தொண்டை என்னத்துக்காகும்? வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லையோ?"

இந்தப் பாட்டுகளெல்லாம் அவருடைய மகன் லெஸ்லி கேட்டுவந்தவை. அவன் இருந்தபோது கதவைத் தட்டித் தட்டியே அக்காவுக்குக் கை வலித்தது. "குறையடா! கீழ்வீட்டு மனிசி கவுன்சிலுக்கு எழுதப்போறாள்!" இரண்டு வருடங்களுக்கு முன், கோலியர்ஸ் வுட்டில், சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லொறி இடித்தது. இருபத்தாறு வயது. அடக்கம் முடிந்து ஆட்கள் போனபிறகு, அவனுடைய அறையில் போய் இருந்து, அவற்றைப் போட்டுக் கேட்டாராம். "முதல் நாள் தலையிடிதான். பிறகு, எங்க மேளம் வரும் எண்டு தெரிஞ்சுது. தெரிஞ்சாப் பிறகு விட ஏலாமல் போச்சு."

அந்தக் குழுவின் இரசிகர்கள் நடத்தும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. பதினைந்து வயதிலிருந்து லெஸ்லி அதில் தன் முழுப்பெயரிலேயே எழுதிவந்தான். எந்தப் பாட்டு ஏன் பிடிக்கும், எந்த மேடையில் யார் தவறவிட்டார்கள், மழையில் நின்று கேட்டது எப்படி இருந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் அக்கா ஒரு நாளைக்கு ஒரு குறிப்பை மட்டும், உதடு அசைய ஆங்கிலத்தில் வாசிப்பார். அடுத்ததைத் திறக்கமாட்டார். "கடகடவெண்டு வாசிச்சால் முடிஞ்சுபோகுமெல்லே. இப்ப அவனுக்குப் பத்தொன்பது வயசு."

இந்த வருடம் அந்தக் குழு இசையை விடுகிறது என்று அறிவிப்பு வந்தது. கடைசி நிகழ்ச்சிகளுள் ஒன்று லண்டனில். இரசிகர்கள் அந்தத் தளத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பத்துப் பாட்டுகளைத்தான் வாசிப்பார்களாம். லெஸ்லிக்கு உயிரான பாட்டு ஏழு நிமிடங்கள் நீளமானது. பாதிவரை பாடகர் வாயே திறப்பதில்லை. அது பதினான்காம் இடத்தில் நின்றது. அதைப் பத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசையாகி, பிறகு அவருடைய ஒரே வேலையாகிவிட்டது.

ஆடி மாதம் வோல்சிங்கம் மாதா கோயில் யாத்திரைக்குப் பங்கிலிருந்து கோச் பஸ் பிடித்துப் போனோம். செபமாலை முடிந்ததும், எந்தக் காரியத்தையும் முன்னின்று நடத்தும் றஜீனா அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தார். "எல்லாரும் போனை எடுங்கோ. டொலறஸின்ர மகனுக்கு ஒரு உதவி." பாட்டையும் போட்டுக் காட்டினார்கள்.

"இதென்ன பிள்ளை, பாட்டோ, இரும்புக்கடையில சண்டையோ?" என்றார் முன் இருக்கையிலிருந்த அருட்பிரகாசம் அண்ணை.

"அண்ணை, நீங்கள் கோயிலில பாடேக்க நாங்கள் ஏதும் சொன்னனாங்களோ?" என்றார் டொலறஸ் அக்கா. கோச் முழுவதும் சிரித்தது. லெஸ்லி போனபிறகு அவர் மற்றவர்களைச் சிரிக்கவைத்து அன்றுதான் பார்த்தேன்.

"பேர் எண்டு ஒரு பெட்டி கிடக்குது. ஆற்ற பேரைப் போடுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆருக்காக ஒப்புக்குடுக்கிறமோ அவற்ற பேரைத்தானே," என்றார் றஜீனா அக்கா. "லெஸ்லி எண்டு போடுங்கோ."

எவருக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. இறந்தவருக்காகப் பூசை கேட்டுக் காசு வைத்துக் கொடுக்கும் உறையில், பெயர் என்ற இடத்தில் இறந்தவரின் பெயரையே எழுதிப் பழகிய கைகள். கோச்சிலிருந்த எல்லாரும், ஒரே பாட்டுக்கு, லெஸ்லி என்ற பெயரில், முழுப்பெயரோடு வாக்களித்தோம். அருட்பிரகாசம் அண்ணை கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக அடித்து, கடைசியில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாலையில் பாட்டு ஒன்பதாம் இடத்துக்கு வந்திருந்தது. திரும்பும் வழியெல்லாம் டொலறஸ் அக்கா போனை மடியில் வைத்தபடி, ஒவ்வொரு இருக்கையாகத் தான் பொரித்த பற்றீஸ் கொடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே பாட்டு பட்டியலில் இல்லை. ஒரே ஆள் பல தடவை வாக்களித்துப் பட்டியலைக் கெடுக்கப் பார்த்ததாகத் தளத்தை நடத்துபவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். வாக்குகளைத் துடைத்தார்கள். அந்தப் பெயருள்ள உறுப்பினரின் பக்கத்தையும், அதில் இருந்த குறிப்புகள் எல்லாவற்றோடும், அழித்தார்கள்.

டொலறஸ் அக்கா வேலை உடுப்போடு என் வீட்டுக்கு வந்தார். அவன் எழுதியதை எங்கேயாவது எடுத்துவைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஏன் எடுக்கிறது? அங்கதானே கிடக்கு எண்டு இருந்திட்டன்." பிறகு, "இன்னும் ஏழு வருசம் வாசிக்கக் கிடந்தது," என்றார்.

தளத்தை நடத்துபவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதிப்போட்டேன். மகன் இறந்துவிட்டான், இது தாயார், இவர்கள் யாத்திரைக்குப் போன பக்தர்கள், இறந்தவரின் பெயரில் கொடுப்பது இவர்கள் வழக்கம். எழுதும்போதே அது கட்டுக்கதைபோலத்தான் வாசிக்கப்படும் என்று தெரிந்தது. மரியாதையான பதில்தான் வந்தது. துக்கத்தில் பங்குகொள்கிறார்களாம். அழித்ததை மீட்க வழியில்லையாம். முடிவில் ஆட்சேபம் இருந்தால் கணக்கின் சொந்தக்காரர் மட்டும் எழுதலாம் என்பது விதியாம்.

அதை மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

"அவனையே எழுதட்டாமோ?" என்றார்.

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய போனில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. வெள்ளைத் திரை, நடுவில் இந்த உறுப்பினர் நீக்கப்பட்டார் என்ற ஒற்றை வரி. அக்கா இரண்டு விரல்களைச் சேர்த்து, இறந்தவரின் இமையை மூடுவதுபோல், திரையை மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். அது ஒரு கணம் மங்கி, அதே வரியோடு மறுபடி திறந்தது. அவர் மறுபடியும் தடவினார்.