தூக்குப் படி

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் சுண்ணாம்பில் கிடந்த விரல்கள். பென்சில் பிடித்தால் வழுக்குகிறது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் எனக்குச் சந்தேகம். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் கொத்தனார். மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் சந்து. அதனால் எல்லா வீடும் தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயரம். வாசலுக்கு மூன்று படி. அவை சுவரோரம் ஓடும் சாக்கடையை மூடிக்கொண்டு சந்துக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படிகளில் பாதி நான் காரை வைத்துக் கட்டியவை.

என் வீட்டு முன்னறையில் மனைவி இட்லிக் கடை வைத்திருக்கிறாள். முன்னறை என்பது ஐந்தடிக்கு ஆறடி. அடுப்பு, ஆட்டுக்கல், நாலு பேர் உட்கார ஒரு பலகை. கட்டட வேலை இல்லாத மழை மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்த அடுப்புதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சந்து முனையில் முனிசிபாலிட்டி நோட்டீசு ஒட்டினார்கள். ஊருக்குள் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாக விதி எழுதுகிறார்களாம், இது இன்னும் முடிவாகாத நகல்தானாம், ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாமாம். அதில் ஒரு விதி, சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் படிகள் யாவும் எடுக்கப்பட வேண்டும் என்றது.

எதிர்வீட்டில் அரிசிக் கடை வைத்திருந்த பாய், கையில் இருந்த அளக்கும் படியைத் தூக்கிக் காட்டினார்.

"என்னண்ணே, படியை எடுக்கணும்ங்கிறான்? அப்ப அரிசியை நான் எதுல அளக்க, தொப்பியிலயா?"

சந்தே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "படி உள்ள வந்தா அடுப்பு வெளிய போகணும்" என்றாள்.

அவள் சொன்னது கணக்காகச் சரி. மூன்று படியையும் வீட்டுக்குள் வெட்டினால் முன்னறையில் பாதி போய்விடும்.

எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆட்சேபணை என்றால் சர்க்கார் மேல் வழக்குப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாய்தான் படித்துப் படித்துச் சொன்னார், அவர்களே கேட்கிறார்கள், சொன்னால் குற்றமில்லை என்று. படிகளைக் கட்டியவன் என்பதால் எழுத வேண்டியவன் நான் என்றும் அவரே முடிவு செய்தார். நாலு பேர் கூடியிருந்தால் ஓரமாக ஒதுங்கிப் போகிறவன் நான்.

'படிகள் இருந்தபடியே இருக்கட்டும்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையில் வாசலில் உட்கார்ந்து தாளை வெறித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சந்துச் சாக்கடையை அள்ளும் அம்மாள் வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா எழுதுங்க கொத்தனாரே. நீங்க பூசி வச்ச படிக்கு அடியில கெடக்குற கசடை நான் எதால எடுக்க, நாக்காலயா? ஒங்க வீட்டு இட்லி வாசமும் இந்த வாசமும் சேந்துதான வருது."

நான் குனிந்து படிக்கு அடியில் பார்த்தேன். அந்த விதியை ஏன் எழுதினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கே என் வீட்டுப் படியை நானே இடித்தேன். சந்துக்குள் நீட்டியிருந்ததை எடுத்துவிட்டேன். சுவர் ஒன்றரை அடி கனம். வாசற்படிக்குக் கீழே அந்தக் கனத்துக்குள் ஒரு படி வெட்டினேன். சாக்கடைக்கு மேல், இரண்டு கரையிலும் செங்கல் ஏற்றி, காரை இல்லாமல் ஒரு கல்பலகையைச் சும்மா வைத்தேன். கல்லில் ஒரு கால், வெட்டிய படியில் ஒரு கால், அடுத்த கால் வீட்டுக்குள். அடுப்பை நகர்த்த வேண்டியதில்லை.

மறுநாள் அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பலகையை அசைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"இதத் தூக்க ரெண்டு ஆம்பளை வேணும். நான் ஒத்தையாவுல வாரேன்?"

பலகையை மூன்றாக உடைத்து வைத்தேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை அள்ளிப் போட்டது. அம்புட்டு நாள் கசடு. அதற்குப் பிறகுதான் மனுவை எழுதினேன்.

ஆட்சேபணைகளை விசாரிக்கும் நாளில் பாய் என்னை முனிசிபாலிட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். மண்டபம் நிறைய ஆட்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் குமாஸ்தா. ஒரு வக்கீல் யாருடைய மாடிக்காகவோ வெகுநேரம் பேசினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குமாஸ்தா என் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"'ஊர் முழுக்கத் தூக்குப் படி அனுமதிக்க வேணும்.' யாருய்யா இது? யாரைத் தூக்குல போட?"

மண்டபமே சிரித்தது. தூக்கி எடுக்கும் படி என்பதைத்தான் நான் சுருக்கி எழுதியிருந்தேன். வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பாய் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"போங்கண்ணே. வக்கீல் பேச்சுல தூங்குனவன் எல்லாம் சிரிச்சு முழிச்சுட்டான். இப்பச் சொன்னாத்தான் கேப்பான்."

முன்னால் போனேன். மடியில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தரையில் உட்கார்ந்து, சுவரையும் சாக்கடையையும் அதன்மேல் மூன்று துண்டுக் கல்லையும் வரைந்தேன். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரே கல்லா வச்சா உறுதியா இருக்குமே?"

"அந்தம்மாவால தூக்க முடியாதுங்க."

"எந்தம்மா?"

"சாக்கடை அள்ளுற அம்மாங்க. அது ஒத்தையா வருது."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். பிறகு குமாஸ்தாவிடம், "'ஓர் ஆள் தூக்கி எடுக்கத்தக்க கல்' அப்படின்னு குறிச்சுக்குங்க" என்றார்.

சில மாதம் கழித்து விதிகள் அச்சாகி வந்தன. பாய் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். சந்துக்குள் படி நீளக் கூடாது. சாக்கடைக்கு மேல் மட்டும், காரை பூசாமல், ஓர் ஆள் தூக்கத்தக்க கல் வைத்துக்கொள்ளலாம். எங்கள் சந்தில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். "கேக்கப் போயி ஒரு படியைக் குடுத்திட்டு வந்துட்டானே மாப்ள" என்று ஒருவர் வெகுநாள் என்னைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கும் நான்தான் கல் வைத்துக் கொடுத்தேன்.

இந்த மாதம் வைகைக்கு வடக்கே, செல்லூர்ப் பக்கம், புதிதாக மனை பிரிப்பதற்கு விதி எழுதி நகல் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நெசவு செய்கிறவர்கள் சிலர் வேலைக்காக என்னைக் கூப்பிட வந்தபோது, ஆட்சேபணை எழுதினால் ஜெயிலா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்தால் தங்கள் தெருவில் படித்துக் காட்டுவோம் என்றார்கள். நான் எழுதுவதைப் பார்த்து, "படிக்கல்லை மட்டும் எழுதாதீக, அடுப்பு இங்கனயேதான் இருக்குன்னும் எழுதுங்க" என்றாள் என் மனைவி. இருக்கிறது.

பார்த்திப வருஷம், தை மாதம் ஏழாம் நாள்.